பனியன் டீச்சர்

அவளுக்கும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. துறைமுகத்துப் பக்கம் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "பனியன் டீச்சர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலிலேயே விட்டுவிடுவார்கள். போகிற வழியில், அவள் செய்தது சரியா தப்பா என்ற தங்கள் தீர்ப்பையும் இலவசமாகச் சொல்லி அனுப்புவார்கள்.

டீச்சரின் ஜனங்கள் அந்த ஊரில் சிறுபான்மை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கென்று எப்போதோ வந்து தங்கிவிட்டவர்கள். வீட்டுக்குள் ஒரு பாஷை, வீதியில் ஒரு பாஷை. இங்கேயே பிறந்து, இங்கேயே வரி கட்டி, இங்கேயே மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தாலும், "நீங்கள்லாம் எப்போ வந்தீங்க?" என்று கேட்பதை ஊர்க்காரர்கள் விடவில்லை. மற்றபடி நல்ல மனுஷர்கள்தான். ஞாபகசக்திதான் கொஞ்சம் கம்மி.

சின்ன வயதில் அவளுக்கு ரசாயனம் படிக்க ஆசை. கல்லூரியில் சேர்க்கை பார்த்த குமாஸ்தா, அவள் மதிப்பெண்ணைப் பார்த்தார், அவள் குடும்பப் பெயரைப் பார்த்தார், பிறகு ரொம்ப அன்பாக, "உங்க ஆளுங்களுக்கெல்லாம் சரித்திரம்தான்மா நல்லா வரும்" என்றார். ஏன் நன்றாக வரும் என்பது வகுப்பில் போய் உட்கார்ந்ததும் விளங்கிவிட்டது. பாதிப் பெஞ்சு காலி. அப்படித்தான் அவள் சரித்திர டீச்சர் ஆனாள். தன் ஜனத்தில் கல்லூரிப் பட்டத்தோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவள்தான் என்று சங்கத்தில் ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை இரண்டாவது முறை துவைத்தபோது சாயம் போய்விட்டது.

அவள் நடத்திய பாடப்புத்தகத்தில் அவளுடைய ஜனத்தைப் பற்றி ஒரு பத்தி உண்டு. "இவர்கள் கடின உழைப்பாளிகள். வண்ண உடைகளை விரும்புவர். இனிய குரலில் பாடுவர்." அவ்வளவுதான். கிளிகளைப் பற்றி எழுதச் சொன்னாலும் இதைத்தான் எழுதியிருப்பார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொள்வாள். வருஷா வருஷம் அந்தப் பத்தியை முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு வாசித்து, "பரீட்சைக்கு இது வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். இப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஓட்டவிடாமல் செய்தது அவள் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்தின் பாரம்பரிய நாள்.

பாரம்பரிய நாள் என்பது தலைமையாசிரியரின் கண்டுபிடிப்பு. எல்லாப் பிள்ளைகளும் அவரவர் பாரம்பரிய உடையில் வர வேண்டும், பத்திரிகைக்காரர் வந்து படம் எடுப்பார், மேலிடத்தில் நல்ல பெயர் கிடைக்கும். ஊர்ப் பெரும்பான்மைப் பிள்ளைகள் வழக்கமான சீருடையில் வந்தால் போதும், அவர்களுக்குப் பாரம்பரியம் தேவையில்லை, அவர்கள் சாதாரண மனிதர்கள். டீச்சரின் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. வகுப்பு ஆசிரியை அவளிடம், "நீ உங்க ஆளுங்க டிரஸ்ல வந்துடு கண்ணு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அம்மா, நம்ம ஆளுங்க டிரஸ் எதும்மா?"

டீச்சர் தன் சின்ன வயதை நினைத்துப் பார்த்தாள். அவள் அம்மா துறைமுகக் கிடங்கில் சாக்குத் தைத்தவள். எல்லோரையும் போல ஒரு சட்டை, ஒரு பாவாடை, மழை வந்தால் தலையில் ஒரு சாக்கு. சாக்கைப் போட்டு அனுப்பினால் பத்திரிகைக்காரர் படம் எடுப்பாரா என்பது சந்தேகம். கடைசியில் நாடகத்துக்கு வேஷம் வாடகைக்கு விடும் கடைக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் அனுபவஸ்தர். "மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களா? இருக்கே!" என்று உள்ளே போய், கண்ணாடிச் சில்லு தைத்த ஒரு சிவப்புப் பாவாடையும், இறகு வைத்த ஒரு தலைப்பாகையும் கொண்டுவந்தார். போன மாசம் அதே தலைப்பாகை கடற்கொள்ளைக்காரன் தலையில் இருந்தது என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பிள்ளையைப் பார்த்து, "ஆஹா, என்ன கலர்! என்ன கலர்!" என்று கண்கலங்கினார். படம் பத்திரிகையில் வந்தது. சாயங்காலம் வீட்டில் தலைப்பாகையைக் கழற்றி, அரிப்பெடுத்த தலையைச் சொறிந்துகொண்டே பிள்ளை பெருமையாகச் சொன்னாள்: "நம்ம ஆளுங்க தலையில இறகு வச்சுப்பாங்கன்னு இன்னிக்கு கத்துக்கிட்டேன்மா."

டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு நேராக நாத்தனார் கடைக்கு நடந்தாள்.

நாத்தனார் என்றால் புருஷனுடைய தங்கை. இரண்டு தெரு தள்ளி பனியனில் அச்சடிக்கும் பட்டறை வைத்திருந்தாள். மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு இழுத்தால் கீழே இருக்கும் பனியனில் படம் விழும். பந்தாட்ட அணிகளுக்கு எண், கடைகளுக்கு விளம்பரம், தேர்தல் வந்தால் எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள் இரண்டு பேரும் அவள் கொடியில் பக்கத்துப் பக்கத்தில் ஈரத்தோடு சிரித்துக்கொண்டு தொங்குவார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் அவளுக்கு மை ஒன்றுதான்.

"உடுப்பை வச்சுத்தானே நம்மளைத் தெரியும்ங்கறாங்க? உடுப்புலயே எழுதிடலாம்" என்றாள் டீச்சர். "முன்னாடி நம்ம ஜனத்துப் பொம்பளை ஒருத்தியோட முகம். பின்னாடி அவ என்ன செஞ்சாங்கறது."

"யார் அண்ணி வாங்குவாங்க? நம்மாளுங்க முதுகுல படிக்கறதுக்கு என்ன இருக்கு?"

"பஸ்ஸுக்கு வரிசையில நிக்கறவன் முன்னாடி நிக்கறவ முதுகைத் தவிர வேற எதைப் பார்ப்பான்? படிச்சுத்தானே ஆகணும்."

நாத்தனார் ரப்பர் பட்டையைத் துடைத்துக்கொண்டே, "சரி, ஆனா எழுத்து பொடியா வேணாம். பொடி எழுத்து துவைச்சா ஊறிடும். சுருக்கமா எழுது. நீ டீச்சர், உனக்கு அது வராது, முயற்சி பண்ணு" என்றாள்.

நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பேறுகாலம் பார்க்கச் சான்றிதழ் வாங்கிய முதல் செவிலி. பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்த முதல் பெண். பத்திரிகை நடத்தியவள் ஒருத்தி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருத்தி. முகம் பிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. கணக்குக்காரியின் ஒரே படம், பட்டம் வாங்கிய அன்று வகுப்போடு எடுத்தது. முன்வரிசை முழுக்க ஆண்கள். அவள் பின்வரிசையில், முன்னால் நின்ற ஒருவனுடைய தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு வெட்டியும் அவனுடைய ஒரு காது வந்து தொலைத்தது. கடைசிவரை அந்தக் காது பனியனில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்தது அந்தக் காதுதான் என்று நினைத்தவர்களும் உண்டு.

செவிலியின் வாரிசுகள் மூக்குக்காகச் சண்டை போட்டார்கள். "எங்க பாட்டிக்கு இவ்வளவு பெரிய மூக்கு கிடையாது" என்று ஒரு கட்சி, "அந்த மூக்கை வச்சுத்தான் நாங்க பாட்டியைக் கண்டுபிடிப்போம்" என்று ஒரு கட்சி. பத்திரிகைக்காரியின் முகம் உர்ரென்று இருக்கிறது, கொஞ்சம் சிரிக்க வையுங்கள் என்று ஆலோசனை வந்தது. "அந்தம்மா எழுதினதைப் படிச்சா உங்களுக்கும் சிரிப்பு வராது" என்று டீச்சர் மறுத்துவிட்டாள். முதல் முறை அடித்த மை சரியில்லை. ஒரே துவைப்பில் நான்கு முன்னோடிகளும் வாளித் தண்ணீரோடு கலந்து சாக்கடைக்குப் போனார்கள். இரண்டாவது மைதான் நின்றது.

பிள்ளைகள் போட்டுக்கொண்டு வெளியே போனபோது வந்த முதல் கேள்வி, "இது எந்த சோப்பு விளம்பரம்?" அடுத்தது, "பாட்டுக்காரியா?" டீச்சரின் மகள் ஒன்றும் பேசாமல் திரும்பி முதுகைக் காட்டுவாள். கேட்டவர் உதட்டை அசைத்துப் படிப்பார். சிலர், "அட, உங்க ஆளுங்கள்ல படிச்சவங்கள்லாம் இருந்தாங்களா?" என்று மனம் திறந்து பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்ட அன்றெல்லாம் டீச்சர் ராத்திரி சாப்பிடமாட்டாள்.

அப்படி நாலு பேர் வாயில் விழுந்த பிறகு சங்கத்துச் செயலாளர் வந்தார். ஜனத்துக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கட்டடம், கட்டடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று. செயலாளர் படியேறும்போதும் இறங்கும்போதும் அதில் முகம் பார்த்துக்கொள்வார். அவருடைய அப்பாவும் அந்தக் காலத்தில் அதே சங்கத்தில் செயலாளர்தான். பதவி குடும்பத்துக்குள்ளேயே இருந்தால் தேர்தல் செலவு மிச்சம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"தங்கச்சி, அருமையான காரியம்" என்றார். "இந்தத் தடவை பாரம்பரிய நாளுக்கு நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும் சங்கமே பனியன் போட்டுடும். நான் தலைமையாசிரியர்கிட்ட பேசிட்டேன். சிறப்பு விருந்தினர் நான்தான்."

"ரொம்ப சந்தோஷம்ணே."

"பின்னாடி எழுத்தை மட்டும் நான் ஒரு பார்வை பார்த்துடறேன். உனக்கு வேலைச்சுமை ஜாஸ்தி."

மூன்று பெண்களின் எழுத்தில் அவர் கை வைக்கவில்லை. மூவரும் செத்துப்போனவர்கள், எந்த வம்பும் இல்லை. கிரேன்காரம்மா பற்றி, "வேலையிலிருந்து நீக்கப்பட்டார்" என்று டீச்சர் கேள்விப்பட்டதை வைத்து எழுதியிருந்தாள். அதை மட்டும் அடித்து, "குடும்பப் பொறுப்பை முன்னிட்டு மனமுவந்து ஓய்வு பெற்றார்" என்று மாற்றினார். அந்த அம்மாவுக்குக் குடும்பமே கிடையாது என்று டீச்சருக்கும் தெரியும். பிள்ளைகள் எல்லோருக்கும் பனியன் வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டாள். மாதிரிக்குக் கொஞ்சம் அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

கிரேன்காரம்மா உயிரோடு இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். வயது எழுபதைத் தாண்டியிருக்கும், காது மட்டும் கொஞ்சம் மந்தம். ஒருநாள் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது எதிர் இருக்கையில் தன்னையே பார்த்தாள். முப்பது வயதில், தலையில் இரும்புத் தொப்பியோடு, ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணின் பனியனில். அந்தப் பெண் இறங்கியபோது கிரேன்காரம்மாவும் இறங்கினாள். பின்னாலேயே நடந்து, முதுகைப் படித்தாள். படித்து முடித்ததும் பிள்ளையை முந்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

ஆசிரியர் அறையில் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"பனியன்ல படம் போடறது யாரு?"

டீச்சர் நிமிர்ந்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா. நான்தான். படத்துல இருக்கறது நீங்கதானே?" என்றாள்.

"படத்துல இருக்கறது நான்தான்னு எனக்குத் தெரியாதா? பின்னாடி இருக்கறது யாருன்னு சொல்லு. எந்தக் குடும்பம்? என்ன பொறுப்பு? எனக்கே தெரியாம எனக்கு எப்போ கல்யாணம் ஆச்சு?"

அறையில் இருந்த மற்ற ஆசிரியைகள் விடைத்தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். பேனாக்கள் மட்டும் நின்றுவிட்டன.

"சங்கத்துல அப்படித்தான் எழுதச் சொன்னாங்கம்மா" என்றாள் டீச்சர். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"அவங்க சொல்லாம வேற யார் சொல்லுவா! நான் கிரேன்ல ஏறினப்போ துறைமுகத்துக்காரன் ஒண்ணும் சொல்லலை. அவனுக்குச் சரக்கு இறங்கினா போதும். நம்ம சங்கத்து ஆளுங்கதான், ஆறேழு பேர் கோட்டு மாட்டிக்கிட்டு மானேஜரைப் பார்க்கப் போனாங்க. ‘எங்க ஜனத்துப் பொண்ணு ஆம்பளைங்க தலைக்கு மேல உக்காந்திருக்கா, எங்களுக்கு வெளிய தலைகாட்ட முடியலை'ன்னு அழுதாங்க. மானேஜர் பார்த்தான், எதுக்கு வம்புன்னு என்னைக் கிடங்குல கூட்டிப் பெருக்கற வேலைக்கு மாத்தினான். நான் விளக்குமாத்தை அவன் மேசை மேல வச்சுட்டு வந்துட்டேன். ஊரு முழுக்கத் தெரியும் இது. உனக்குத் தெரியாதா?"

"அரைகுறையா தெரியும்."

"அந்த அரையையாவது எழுதியிருக்கலாமே."

டீச்சர் பேனாவை மூடி வைத்தாள். அந்தக் கோட்டுக்காரர்களுக்கு முன்னால் நின்று பேசியது யார் என்று மெதுவாகக் கேட்டாள். கிரேன்காரம்மா சிரித்தாள். "உங்க செயலாளரோட அப்பன்தான். வேற யாருக்கு நம்ம ஜனத்துல அவ்வளவு நல்ல கோட்டு இருந்தது?"

அன்று சாயங்காலம் டீச்சர் சங்கக் கட்டடத்துக்குப் போனாள். செயலாளர் கண்ணாடிக்கு முன்னால் விழாவுக்குப் போட வேண்டிய கோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைப் பாதியில் நிறுத்தினார்.

"தங்கச்சி, நீ சரித்திர டீச்சர். உனக்கு நான் சொல்லணுமா? சரித்திரம்னா நல்லதை எடுத்துக்கணும், மத்ததை விட்டுடணும்."

"பரீட்சையில பிள்ளைங்க அப்படிச் செஞ்சா நான் மார்க் போடறதில்லைண்ணே."

"வீண் பேச்சு வேணாம். ஒண்ணு பண்ணு. நான் எழுதினது உனக்குப் பிடிக்கலைன்னா அதை எடுத்துடு. அந்த இடத்துல நம்ம சங்கத்துப் பேரைப் பெரிசா போட்டுடு. பார்க்கவும் கௌரவமா இருக்கும்."

டீச்சர் கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்து, "சரிண்ணே. சங்கத்துப் பேரைக் கண்டிப்பா பெரிசா போட்டுடறேன்" என்றாள். செயலாளருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. படித்த பெண்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று சிலருக்குத்தான் தெரியும் என்று அவர் பிறகு வீட்டில் சொன்னாராம்.

விடுமுறை நாளன்று பட்டறையில் புதுச் சட்டம் கட்டினார்கள். கிரேன்காரம்மா ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். டீச்சர் எழுதியதை உரக்கப் படித்தாள்: "துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய முதல் பெண். ஒரு சரக்கையும் கீழே போட்டதில்லை..."

"நிறுத்து. போட்டிருக்கேன்."

"என்னம்மா?"

"ஒரு தடவை சர்க்கரை மூட்டையைக் கீழ போட்டேன். காத்து. எறும்பு வந்து கிடங்கே கறுத்துப்போச்சு. அதையும் எழுது. எனக்காக ஒருத்தன் பொய் எழுதினது போதும், நீயும் ஆரம்பிக்காதே."

"முன்னோடிப் பெண்ணுக்கு இது நல்லாவா இருக்கு?" என்று நாத்தனார் முனகினாள். ஆனால் எழுதினார்கள்: "ஒரே ஒரு முறை சர்க்கரை மூட்டையைக் கீழே போட்டார். ஆண்களின் தலைக்கு மேல் பெண் உட்காரக் கூடாது என்று போய் முறையிட்டு இவரை வேலையிலிருந்து துரத்தியது..." அதற்கடுத்து, செயலாளர் விரும்பியபடியே, சங்கத்தின் முழுப்பெயர், பெரிய எழுத்தில்.

அச்சடிக்கும்போதே டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை போனால் வீட்டுக்கடன் இருக்கிறது, பிள்ளை படிப்பு இருக்கிறது, புருஷன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவன், குளிர்காலத்தில் வேலை இருக்காது. புருஷனிடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். அவன் நெடுநேரம் மோட்டாரைக் குடைந்துவிட்டு, "பிள்ளைங்க மேல பழி வராம பார்த்துக்க" என்று மட்டும் சொன்னான். அதனால்தான் அவள் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டினாள். சிலர் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். தாய்மார்களில் பலர் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். செயலாளர் வீட்டுக்கு மட்டும் இந்தச் செய்தி போகவில்லை. ஜனத்தில் ரகசியம் காப்பாற்றப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

விழா நாள் வந்தது. மேடையில் பின்வரிசையில் பெரிய நாற்காலிகள். நடுவில் செயலாளர், ஒரு பக்கம் தலைமையாசிரியர், மறு பக்கம் கல்வி அதிகாரி. அவர்களுக்கு முன்னால் பனியன் போட்ட பிள்ளைகள் சபையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். சபைக்குத் தெரிந்தது நான்கு பெண்களின் முகங்கள் மட்டும். அழகாக இருந்தது. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். பிள்ளைகள் வணக்கப் பாட்டு பாடினார்கள், பிறகு ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் ஒரு பாட்டு.

மேடையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களுக்கோ நான்கு பெண்களின் முகங்கள் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது முதுகுகள்.

செயலாளருக்கு நேர் முன்னால் டீச்சரின் மகள் கிரேன் பனியனில் நின்றிருந்தாள். முதல் பாட்டில் அவர் தன் சங்கத்தின் பெயரைக் கண்டுபிடித்துத் திருப்தியோடு தலையசைத்ததை ஓரத்தில் நின்ற டீச்சர் பார்த்தாள். இரண்டாம் பாட்டில், அந்தப் பெயருக்கு முன்னால் இருப்பதையும் படிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண் மேலே போனது. மெல்லக் கீழே வந்தது. மறுபடி மேலே போனது. எழுந்து போக முடியாது, படமெடுப்பவர் எதிரிலேயே இருந்தார். செயலாளர் சிரித்துக்கொண்டே இருந்தார். கல்வி அதிகாரி அவர் பக்கம் சாய்ந்து, "சர்க்கரை மூட்டையா?" என்று ஏதோ கேட்டார். அவர் அதற்கும் சிரித்தார். மூன்றாவது, நான்காவது பாட்டு முழுக்க அந்தச் சிரிப்பு கழற்றி மாட்டிய பல்செட் போல முகத்தில் அப்படியே இருந்தது.

பாட்டு முடிந்தது. பிள்ளைகள் உள்ளே போகத் திரும்பினார்கள். சபைக்கு முதுகு தெரிந்தது.

முதலில் காகிதம் கசங்குகிற சத்தம் போல ஒரு முணுமுணுப்பு. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிரேன்காரம்மாவுக்குக் காது மந்தம் என்பதால், பக்கத்தில் இருந்தவளிடம், "படிச்சுட்டாங்களா?" என்று மண்டபம் முழுவதும் கேட்கிற மாதிரி கேட்டாள். யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து, "படிச்சாச்சு!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு எழுந்த கைதட்டலில் பாதிப் பேர் தட்டவில்லை, மீதிப் பேர் அவர்களுக்கும் சேர்த்துத் தட்டினார்கள். கிரேன்காரம்மா தட்டவும் இல்லை, அழவும் இல்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, திரும்பிப் போகும் பிள்ளைகளைக் கடைசிப் பிள்ளைவரை பார்த்தாள்.

அதன் பிறகு நடக்க வேண்டியதெல்லாம் முறைப்படி நடந்தது. தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், இது பாரம்பரிய நாள்! சண்டை நாள் இல்லை!"

"இதுவும் பாரம்பரியம்தானே சார். எங்க ஜனத்துல அப்பா பிள்ளைன்னு தொடர்ந்து வர்றதுதான்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். உடையில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டார். மறுநாள் பந்தாட்டப் பிள்ளைகள் வந்து, எங்கள் முதுகில் இருக்கிற எண் எழுத்தா இல்லையா என்று கேட்டார்கள். சீருடைச் சட்டைப்பையில் பள்ளியின் பெயர் தைத்திருக்கிறதே, அதைப் பிரிக்க வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்டார்கள். தலைமையாசிரியரின் கழுத்துப்பட்டையிலேயே பள்ளிக்கூடத்து வாசகம் இருப்பதை உடற்பயிற்சி ஆசிரியர் பணிவோடு சுட்டிக்காட்டினார். சுற்றறிக்கை சத்தமில்லாமல் சுவரிலிருந்து இறங்கியது. சங்கம் டீச்சரை விலக்கிவைத்தது. சால்வையைத் திருப்பிக் கேட்டார்கள். டீச்சர் சாயம் போன அந்தச் சால்வையை மறுபடி துவைத்து, மடித்துக் கொடுத்தனுப்பினாள்.

வருஷக் கடைசியில் அவளை ஊரின் மறுகோடியில், ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் தொழிற்பள்ளிக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, "அங்கே உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது" என்றுதான் உத்தரவில் இருந்தது. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "டீச்சர், கிரேன் பனியன் எங்க சைஸ்ல கிடைக்குமா?" என்று கேட்டான். அவன் கிண்டல் செய்கிறானா, உண்மையாகக் கேட்கிறானா என்று அவளுக்கு அன்று புரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு புரிந்தது. அவன் அம்மா துறைமுகத்தில் கிடங்கு பெருக்குபவள். டீச்சரின் ஜனத்தைச் சேர்ந்தவளும் இல்லை.

பட்டறைக்கு வருகிறவர்களும் மாறிப்போனார்கள். ஊர்க்காரப் பெண்கள் வந்தார்கள், தங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள், அவளைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் கிளிக்குச் சமமான பத்திகூட இல்லை என்று கிசுகிசுத்தார்கள். ஒரு மத்தியானம், வெயில் நேரத்தில், முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு செயலாளரின் மனைவி வந்தாள். நாத்தனார் கையில் மையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கிரேன் பனியன் ஒண்ணு குடுங்க. எனக்குத்தான்."

"அக்கா, வீட்டுல பார்த்தா?" என்றாள் அங்கே இருந்த டீச்சர்.

"அவர் துவைக்கமாட்டார், மடிக்கமாட்டார், எந்தத் துணி எந்த அலமாரியில இருக்குன்னு இன்னிக்குவரைக்கும் அவருக்குத் தெரியாது. எங்க வீட்டுல ஒளிச்சு வைக்க ரொம்பப் பத்திரமான இடம் துணி அலமாரிதான்" என்றாள் அவள். பிறகு சற்றுத் தயங்கி, "எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கறதா பார்த்துக் குடுங்க. கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தா இடம் வலமா மாறித் தெரியுது, படிக்கக் கஷ்டமா இருக்குன்னு பொண்ணு சொன்னா" என்றாள். அவள் மகளிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது என்பது அப்போதுதான் இவர்களுக்குத் தெரிந்தது.

கிரேன்காரம்மா வாரம் ஒருமுறை பட்டறைக்கு வந்து போகத் தொடங்கினாள். பாராட்ட வருவதில்லை, குறை சொல்லத்தான். மை வெளுத்திருக்கிறது, தொப்பி கோணலாக இருக்கிறது, இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறவளை ஏன் இறந்தகாலத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று பிடித்துக்கொள்வாள். டீச்சர் தொழிற்பள்ளியிலிருந்து களைத்து வந்து, அவளுக்கும் தனக்கும் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, அந்தக் குறைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்கிறவர்களுக்குச் சண்டை போடுகிறார்கள் என்றுதான் தோன்றும். நாத்தனார் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டே, "அண்ணி, மை காயறவரைக்கும் ரெண்டு பேரும் வெளிய போய்க் கத்துங்க" என்பாள். அவர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கத்துவார்கள்.